சுங்குடிச் சேலையில் ஜன்னல் மேல்திரை

கட்டிக் கட்டி அலுத்துப்போன பருத்திச் சேலை எந்த வீட்டு பீரோவிலும் ஒன்றிரண்டாவது இருக்கும். துணி இன்னும் கெட்டியாக இருக்கும், கரையும் பளிச்சென்று இருக்கும், எடுத்துக் கட்டத்தான் மனம் வராது. ஜன்னல் திரைக்கு மேலே, கம்பியையும் வளையங்களையும் மறைத்துத் தொங்குகிற குட்டித் திரைக்கு இதைவிடத் தோதான துணி கடையில் கிடைக்காது. காரணம் கரைதான். நீளவாட்டில் ஓடும் சேலைக் கரை அப்படியே திரையின் கீழ் விளிம்பாகிவிடும். அடியில் மடித்துத் தைக்க வேண்டாம், லேஸ் வாங்க வேண்டாம்.

சின்னாளபட்டிச் சுங்குடி, செட்டிநாட்டுக் கண்டாங்கி இரண்டும் பொருந்தும். பட்டு வேண்டாம் என்பேன். தொடர்ந்து வெயில் விழுந்தால் அந்த இழை நொறுங்கிவிடும். ஆசை விடவில்லை என்றால் வடக்குப் பார்த்த ஜன்னலுக்கு மட்டும், பின்னால் லைனிங் கொடுத்துத் தையுங்கள். அடுப்பை ஒட்டிய ஜன்னலுக்கு எந்தத் துணியும் கூடாது.

இனி அளவு. 4 அடி அகலம், 4 அடி உயரம் உள்ள ஜன்னலை எடுத்துக்கொள்வோம். கம்பி சட்டத்தின் இரு பக்கமும் 4 அங்குலம் நீண்டிருந்தால் அதன் நீளம் 56 அங்குலம். சுருக்கு நிறைவாக விழக் கம்பியைப் போல இரண்டு மடங்கு துணி வேண்டும்: 112. ஓர மடிப்புக்குப் பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் சேர்த்தால் 115 அங்குலம், அதாவது 3 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஐந்தரை மீட்டர் சேலையில் முந்தானையைத் தொடாமலே இது கிடைத்துவிடும். துணியை மிச்சம் பிடிக்க ஒன்றரை மடங்கோடு நிறுத்தினால் சுருக்கு வற்றிப்போய்த் தெரியும்.

உயரத்தில்தான் பலருக்குக் கை நீண்டுவிடுகிறது. ஜன்னல் உயரத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மறைத்தால் அறை இருண்டுவிடும். 4 அடி ஜன்னலுக்கு 10 அங்குலம் மறைந்தால் போதும். சட்டத்துக்கு 3 அங்குலம் மேலே கம்பி வருகிறது என்று வைத்தால், தைத்து முடித்த திரையின் மொத்த உயரம் 15 அங்குலம்: கம்பிக்கு மேலே நிற்கும் சுருக்கு 1, கம்பி நுழையும் உறை 2, தொங்கும் பகுதி 12. மேல் சுருக்குக்கும் உறைக்கும் பின்பக்கமாக மடிக்க 3 அங்குலமும், பிசிறை உள்ளே தள்ள அரை அங்குலமும் கூட்டினால் வெட்ட வேண்டிய உயரம் பதினெட்டரை. 1 அங்குலக் கம்பிக்கு 2 அங்குல உறை சரி. அதற்குக் குறைத்தால் சுருக்கு நகராது.

சேலையின் அகலம் 45 அங்குலத்துக்குக் குறையாது என்பதால் இரு கரைகளிலிருந்தும் இரண்டு ஜன்னலுக்குத் துணி வரும். யானை, மயில் போட்ட கரையாக இருந்தால் எதிர்க்கரையில் அவை தலைகீழாக நிற்கின்றனவா என்று வெட்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். புதுச் சேலை என்றால் தனியாக அலசி, கஞ்சி போகவிட்டு, காய்ந்தபின் தேய்த்துவிட்டே அளக்க வேண்டும். பருத்தி சுருங்கும், சுங்குடியின் சாயமும் முதல் அலசில் கொஞ்சம் போகும்.

கரை விளிம்பிலிருந்து பதினெட்டரை அங்குலத்தைச் சாக்பீஸால் பல இடங்களில் குறித்துக்கொண்டு வெட்டுங்கள். தைக்கும் வரிசை முக்கியம். முதலில் இரு பக்க ஓரங்கள்: அரை அங்குலம் மடித்து, மறுபடி 1 அங்குலம் மடித்து நேர்தையல். அதன் பிறகே மேல்பக்கம். இதை மாற்றிச் செய்தால் உறையின் வாய் அடைபட்டுக் கம்பி நுழையாது. மேலே அரை அங்குலம் மடித்துத் தேய்த்து, பின் 3 அங்குலம் மடித்துக் குண்டூசி குத்துங்கள். மடிப்பின் கீழ் விளிம்பை ஒட்டி ஒரு தையல், அதற்கு 2 அங்குலம் மேலே இன்னொரு தையல். இடையில் இருப்பதுதான் உறை. இரண்டு முனையிலும் முன்னும் பின்னுமாக ஓட்டிக் கெட்டிப்படுத்துங்கள். கம்பியை நுழைக்கும் ஒவ்வொரு முறையும் இழுபடுவது அந்த இடம்தான். 14ஆம் நம்பர் ஊசி போதும். லைனிங் வைப்பதானால் அதன் அடியைத் தனியே மடித்துத் தைத்து, கரையைவிட 1 அங்குலம் தூக்கி நிறுத்துங்கள்.

தையலைவிடச் சுவர்தான் படுத்தும். கம்பி வரும் இடத்தில் பெரும்பாலும் கான்கிரீட் லிண்டல் இருக்கும். சாதா டிரில் அங்கே சூடாகுமே தவிர இறங்காது. ஹேமர் டிரில்லும் 6 மில்லிமீட்டர் கான்கிரீட் பிட்டும் தேவை. பூச்சு மட்டுமே அரை அங்குலம் இருக்கும் என்பதால், பிளாஸ்டிக் பிளக் அதைத் தாண்டிக் கான்கிரீட்டுக்குள் உட்கார ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாமல் துளை இறங்கட்டும். பிட் ஓரிடத்தில் அடம்பிடித்து நின்றால் உள்ளே முறுக்குக் கம்பி இருக்கிறது, முண்டாமல் 1 அங்குலம் தள்ளிப் போடுங்கள். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம். ஒயர் அந்த வழியாகத்தான் போகும்.

இரண்டு பிராக்கெட்டுக்கும் ரசமட்டம் வைத்துக் குறிப்பதே முறை. பழைய வீடுகளில் ஜன்னல் சட்டமே கோணலாக இருக்கும். அங்கே சட்டத்தை ஒட்டி அளந்து போடுங்கள். கண் கம்பியைச் சட்டத்தோடுதான் ஒப்பிடும், ரசமட்டத்தோடு இல்லை. ஏற்கெனவே நீளத் திரை இருக்கிறது என்றால் இரட்டைப் பிராக்கெட் வாங்கி, முன்கம்பியை மேல்திரைக்கு விடுங்கள். 5 அடிக்கு மேற்பட்ட கம்பிக்கு நடுவிலும் ஒரு பிராக்கெட் வேண்டும். உறை அதைத் தாண்டிப் போகாது என்பதால் அங்கே திரையை இரண்டாகத் தைத்து நடுவில் சேர்த்துவிடலாம். பிரிவு சுருக்கில் மறைந்துபோகும்.

வாடகை வீட்டில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லையா? ஜன்னல் சுவருக்குள் உள்வாங்கியிருந்தால் ஸ்பிரிங் கம்பியை இரு பக்கச் சுவருக்கும் நடுவே இறுக்கி நிறுத்தலாம். இந்தக் குட்டித் திரையின் எடையை அது தாங்கும், நீளத் திரையைத் தாங்காது.

கம்பியைத் துணிக்குள் விடும்போது அதன் முனையில் ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக்கொண்டால் இழையில் மாட்டாது. மாட்டியபின் சுருக்கை நடுவிலிருந்து இரு பக்கமும் பிரித்துவிடுங்கள். சேலையின் நடுவில் மிஞ்சும் 8 அங்குலப் பட்டையை இரண்டாக மடித்துத் தைத்தால், கீழே தொங்கும் நீளத் திரையை ஒதுக்கிக் கட்ட நாடா தயார்.