சர்க்கரையைத் தள்ளிப்போட முடியுமா?

அப்பா, அம்மா இருவருக்கும் சர்க்கரை. எனக்கு 38 வயது, 'பார்டரில்' இருப்பதாகச் சொல்கிறார்கள். சாப்பாட்டை மாற்றினால் நிஜமாகவே பலன் உண்டா?
– வாசகி, திருச்சி

உண்டு. உங்களைப் போல எல்லைக்கோட்டில் நின்ற 531 பேரை வைத்துச் சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. சாப்பாட்டை மாற்றி, நடக்கவும் செய்தவர்களுக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை போட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன்தான்!

தட்டில் பொரியலுக்கும் சோற்றுக்கும் இடத்தை மாற்றிவிடுங்கள். அவரைக்காய் பாதித் தட்டு, சோறு கால் தட்டு, மீதியில் சுண்டலோ முட்டையோ. மறுசோறு வேண்டாம். காபிக்கு நாட்டுச்சர்க்கரை போட்டுத் தப்பிக்க முடியாது, அதுவும் சர்க்கரைதான். கேழ்வரகும் அப்படியே: மாவாக்கிக் கஞ்சி காய்ச்சிச் சொம்பு நிறையக் குடித்தால் விறுவிறுவென ஏறும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சீரியலுக்கு முன்னால் அரை மணி நடை. ஆறு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.