வானொலி அலையும் விளையாட்டு ஊர்தியும்

1898-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் நிகழ்ந்த ஒரு பொருட்காட்சியில், நிக்கோலா டெசுலா என்னும் அறிஞர் நீர்த்தொட்டி ஒன்றில் சிறு படகை மிதக்கவிட்டார். கயிறும் கம்பியும் இல்லாமலே அஃது அவர் விரும்பிய பக்கம் திரும்பிற்று. கண்டோர் மாயமோ என மயங்கினர். படகை ஆண்டவை வானொலி அலைகளே.

இன்று படகு, கார், விமானம், ஹெலிகாப்டர் எனப் பலவகை மாதிரிகளை இவ்வாறு இயக்கி மகிழ்வோர் உளர். கையிலுள்ள கருவியின் கோலை அசைத்தால் அலை புறப்படும், மாதிரியிலுள்ள கருவி அதனை ஏற்றுச் சிறு மோட்டாரை இயக்கும், சுக்கான் திரும்பும். படகு நீரின் இழுப்பைக் கற்பிக்கும்; விமானம் காற்றின் போக்கைக் கற்பிக்கும். விமானம் நம்மை நோக்கி வருங்கால் இடமும் வலமும் மாறித் தோன்றும். அப்போது மனம் தடுமாறினால் விமானம் தரையில் மோதி நொறுங்கும்.

தஞ்சைத் தரணியில் அறுவடை முடிந்த வயல்கள் பரந்த வெளியாய்க் கிடக்கும். ஆயினும், நினைத்த இடமெல்லாம் பறக்கவிடலாகாது. தஞ்சையில் 2013-இல் திறக்கப்பெற்ற விமானப்படைத் தளம் உள்ளது. அத்தகைய இடங்களின் அருகே இசைவின்றிப் பறக்கவிடுவதை 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் தடுக்கின்றன. மின்கம்பியும் மக்கள் நடமாட்டமும் அற்ற வெளியே ஏற்றது.

இக்கலையின் வழிவந்த டிரோன்கள் இன்று நெல்வயலில் மருந்து தெளிக்கின்றன. மருந்துப் பொறியை முதுகில் சுமந்து சேற்றில் நடக்கும் உழவரின் துயரை அவை குறைக்கின்றன. விளையாட்டிற் பழகிய கை, உழவுக்குத் துணையாதல் சிறப்பன்றோ?