மேற்குச் சுவரும் யூதப் பெண்டிரின் வழிபாடும்

அன்னாள் என்னும் பெண் பிள்ளையில்லாத் துயரோடு சீலோவின் திருத்தலத்தில் நின்று மன்றாடினாள். உதடுகள் அசைந்தன, ஒலி எழவில்லை. கண்ணுற்ற ஆசாரியர் ஏலி, குடிவெறியில் இருக்கிறாள் என்று கருதிக் கடிந்துகொண்டார். யூத மறையில் வரும் இந்நிகழ்ச்சியிலிருந்தே, வேண்டுதல் எவ்வாறு அமைதல் வேண்டும் என்னும் விதிகள் பலவற்றைத் தால்முத் அறிஞர் வகுத்தனர். ஒரு பெண்ணின் வழிபாடு ஆண்களுக்கும் இலக்கணமாயிற்று! எருசலேமின் மேற்குச் சுவரடியில் யூதப் பெண்களிடையே எழுந்துள்ள கருத்து வேறுபாட்டை ஆராயப் புகுவோர் இவளை மறத்தலாகாது.

கி.பி. 70இல் உரோமர் அழித்த ஆலயத்தின் வளாகத்தைத் தாங்கிநின்ற மதிலின் எஞ்சிய பகுதியே இச்சுவர். ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பகுதிகளில் வழிபடுகின்றனர். 1988 டிசம்பர் 1ஆம் நாள், ஏறத்தாழ எழுபது பெண்கள் தோராச் சுருளை ஏந்திப் பெண்கள் பகுதியில் உரக்க ஓதினர். ஏச்சும் கூச்சலும் எழுந்தன. 'சுவரின் பெண்கள்' என்னும் இயக்கம் இவ்வாறு பிறந்தது. மாதப் பிறப்புதோறும் கூடும் இவர்களுள் சிலர் தாலித் என்னும் வழிபாட்டுப் போர்வையும் அணிவர்.

யூதச் சட்டம் காலவரையறை உடைய கடமைகள் பலவற்றிலிருந்து பெண்களுக்கு விலக்கு அளிக்கிறது. விலக்கு என்பது தடையாகுமா? இதுவே வழக்கின் உயிர்நாடி. சவுல் மன்னன் மகள் மீகாள் ஆண்களுக்குரிய தெபிலின் அணிந்தாள் என்றும், அறிஞர் தடுக்கவில்லை என்றும் தால்முத் கூறுவதை இவ்வியக்கத்தார்க்கு அரணாகக் கொள்ளலாம்.

எதிர்ப்போர் ஆண்கள் மட்டுமே என்று யானும் எண்ணியிருந்தேன், அது பிழை. 2013இல் வைதிகப் பெண்களே 'சுவருக்கான பெண்கள்' என்னும் அமைப்பைக் கண்டனர். அவ்வாண்டு மே 10இல் வைதிகக் குடும்பத்து இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்து பெண்கள் பகுதியை நிறைத்தனர். தாயும் பாட்டியும் வழிபட்டவாறே அமைதியாக வழிபடுவது தாழ்வன்று. எங்களை விடுவிக்க எவரும் வரவேண்டியதில்லை என்பது இவர்தம் நிலை. இதனை அறியாமை என்று ஒதுக்குதல் முறையன்று. ஒலியின்றி வேண்டிய அன்னாள் இவர்களுக்கும் உரியவளே. ஆயினும், அவளுடைய மௌனமே அந்நாளில் ஏலிக்குப் புதுமையாய்த் தோன்றிற்று என்பதும் எண்ணத்தக்கது.

'இடத்தின் வழக்கம்' காக்கப்பட வேண்டும் என்பது விதி. எது வழக்கம்? பத்தொன்பதாம் நூற்றாண்டு நிழற்படங்களில் ஆணும் பெண்ணும் சுவரடியில் அருகருகே நிற்கின்றனர். 1928இல் வைத்த தடுப்புத் திரையை ஆங்கிலேயக் காவலர் அகற்றினர். நிலையான தடுப்பு 1967க்குப் பின்னரே வந்தது. 2013 ஏப்ரலில் எருசலேம் மாவட்ட நீதிமன்றம், பெண்கள் போர்வையணிந்து வழிபடுதல் வழக்கத்துக்கு முரணன்று என்று தீர்ப்பளித்தது.

பின்னர் இயக்கத்துக்குள்ளேயே பிளவு தோன்றியது. இருபாலாரும் சேர்ந்து வழிபடத் தெற்கே தனியிடம் விரிவாக்கும் திட்டத்தை 2016 ஜனவரியில் அமைச்சரவை ஏற்றது; இயக்கத் தலைமையும் இசைந்தது. தொடக்ககால உறுப்பினர் சிலரோ உடன்படவில்லை. நாங்கள் கேட்டது வேறிடம் அன்று. பெண்கள் பகுதியிலேயே, பெண்களோடு நின்று, தோரா ஓதும் உரிமை என்றனர். 2017 ஜூனில் அத்திட்டத்தை அரசே நிறுத்திவைத்தது.