ஆட்கள் சரியில்லையா?

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் எது நடந்தாலும் 'ஆட்கள் சரியில்லை' என்கிறார் முதலாளி. ஆளை மாற்றினால் சரியாகிவிடுமா?

பதில்: சந்தேகம்தான். கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை ஒன்று இருந்தது. வேலைக்கு மட்டம், ஓயாத தகராறு, தரம் படுமோசம். 1982-இல் இழுத்து மூடினார்கள். 1984-இல் டொயோட்டாவுடன் கூட்டாகத் திறந்தபோது வந்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள், சங்கமும் அதேதான். ஆனால் இம்முறை கோளாறு கண்ணில் பட்டால் யாரும் உற்பத்தி லைன் ஓரத்துக் கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம். குழுத் தலைவர் ஓடிவருவார், தீராவிட்டால் லைனே நிற்கும். முன்பு லைனை நிறுத்துவது பெருங்குற்றம்! தரம் மளமளவென்று ஏறியது.

வேடிக்கை என்னவென்றால், இந்த முறையை ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு ஆலையான வான் நைஸுக்கும் கொண்டுபோனார்கள், எடுபடவில்லை. எத்தனை கார் வெளியே போனது என்று பார்த்தே அங்கே மேலாளர்களுக்கு போனஸ். லைனை நிறுத்த யாருக்கு மனம் வரும்? உங்கள் ஆலையில் போனஸ் எதற்கு என்று முதலில் பாருங்கள்.