தைராய்டு ரிப்போர்ட்டும் ட்ரபிள் ஷூட்டிங்கும்

(மூன்றாம் ஆண்டு, இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவு, சோரியாங்குப்பம்)



லேபில் ஒரு மீட்டர் எதிர்பார்க்காத ரீடிங் காட்டினால் நாம் உடனே சப்ளையை ஏற்றிவிட மாட்டோம். கனெக்‌ஷன், ப்ரோப், காலிப்ரேஷன் எல்லாம் வரிசையாகப் பார்த்த பிறகுதான் மெஷினில் கை வைப்போம். இதே முறை தைராய்டு ரத்தப் பரிசோதனைக்கும் பொருந்தும் என்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

டிப்ளமோ படிக்கிறவனுக்கு இது எதுக்குன்னு கேட்கலாம். 2009ல் வெளியான ஓர் ஆய்வில் புதுச்சேரிப் பெண்கள் 505 பேரைப் பரிசோதித்ததில் 100க்கு 15 பேருக்கு மேல் தைராய்டு கோளாறு இருந்தது. எங்க பாகூர் பக்கத்துல ரிப்போர்ட் வந்தா, "தம்பி, இதுல என்னா போட்டிருக்கு?"ன்னு முதல்ல கேட்பது படிக்கிற பிள்ளையைத்தான்.

லூப் எப்படி வேலை செய்கிறது?

கழுத்தின் முன்பக்கம் உள்ள தைராய்டு சுரப்பி, தைராக்சின் என்ற ஹார்மோனைத் தருகிறது. இதன் பெயர் டி-4. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அதன் அளவைக் கவனித்துக்கொண்டே இருக்கும். டி-4 குறைந்தால் டி.எஸ்.எச். என்ற ஹார்மோனைக் கூட்டும், அதிகமானால் குறைக்கும். நாம் படித்த க்ளோஸ்டு லூப் கன்ட்ரோல் இதுதான். ஆகவே டி.எஸ்.எச். ஏறினால் உடம்புக்கு தைராக்சின் போதவில்லை என்று பொதுவான அர்த்தம். ஆனால் ஏன் போதவில்லை என்பதை அந்த எண் சொல்லாது.

எங்கே எல்லாம் பார்க்க வேண்டும்?

1. மாத்திரை உள்ளே போகிறதா? வெறும் வயிற்றில், தண்ணீரில் மட்டும் போட வேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை டீ, காபி, டிபன் கூடாது. இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகள் தைராக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அவற்றுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

எங்க அம்மா காலை ஆறு மணிக்கே நடவு வேலைக்குக் கிளம்புறவங்க. தைராய்டு மாத்திரை, இரும்பு மாத்திரை, டீ மூணும் ஒரே நேரத்துல. தினமும் தவறாம போட்டும் டி.எஸ்.எச். 9க்குக் கீழே இறங்கல. டோஸை ஏற்றும் முன்பு டாக்டர் கேட்ட ஒரே கேள்வி, "எப்படிம்மா சாப்பிடுறீங்க?" அவர் சொன்னபடி இரும்பு மாத்திரையை மதியத்துக்கு மாற்றி, தைராய்டு மாத்திரையைச் சாப்பாட்டுக்கு 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போட்டாங்க. எட்டு வாரத்தில் அதே டோஸில் 3க்கு வந்தது. டோஸை ஏற்றியிருந்து, பிறகு இரும்பு மாத்திரையை நிறுத்தியிருந்தால், மருந்து மிஞ்சிப் போயிருக்கும். அது படபடப்பு, எலும்புத் தேய்மானம் வரை கொண்டுபோகும்.

2. விட்ட நாட்கள் உண்டா? மாதக் கணக்கில் விட்டுவிட்டு, டெஸ்டுக்கு முன் சில நாள் மட்டும் ஒழுங்காகப் போட்டால் டி-4 சரியாகவும் டி.எஸ்.எச். அதிகமாகவும் வரும். காரணம், டி.எஸ்.எச். மெதுவாகத்தான் மாறும்.

3. டெஸ்ட் எடுத்த நேரம் சரியா? தைராக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும். ஆகவே டோஸ் மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்தே டெஸ்ட். அதற்கு முன் எடுத்தால் லூப் செட்டில் ஆகாத ரீடிங்தான் கிடைக்கும். ரத்தம் கொடுத்த பிறகே அன்றைய மாத்திரையைப் போடுவது நல்லது.

4. அளக்கும் முறையில் குறுக்கீடா? முடி வளர என்று சாப்பிடும் பயோட்டின் மாத்திரை சில டெஸ்ட் முறைகளைக் குழப்பும். டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி-4 பொய்யாகக் கூடியும் தெரியும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017லேயே இதுபற்றி எச்சரித்தது. பயோட்டின் சாப்பிட்டால் டாக்டரிடம் சொல்லி, டெஸ்டுக்கு 2 நாள் முன்பாவது நிறுத்த வேண்டும். லேபுக்கு லேப் கருவி மாறும்; முடிந்தவரை ஒரே லேப், ஒரே காலை நேரம்.

5. மாத்திரை நல்லதா? வெயில், ஈரம் பட்டால் வீரியம் குறையும். ஷீட் போட்ட வீட்டில் அடுப்படி அலமாரியும் ஜன்னலோரமும் ஆகாது. காலாவதித் தேதி பாருங்கள். கம்பெனி மாறியிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

6. உடம்பின் தேவை மாறியதா? வலிப்பு மருந்து, அல்சர் மாத்திரை சேர்ந்தாலும் தேவை கூடலாம். கர்ப்பமானால் தேவை சீக்கிரமே கூடும். அப்போது மாதக் கணக்கில் காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

ரிப்போர்ட்டைப் பார்த்து நாமாக மாத்திரையை நிறுத்துவதோ கூட்டுவதோ கூடவே கூடாது. ஒரு தாளில் மாத்திரை போடும் நேரம், கூடச் சாப்பிடும் மருந்துகள், விட்ட நாட்கள், ரத்தம் கொடுத்த நேரம் ஆகிய நான்கையும் எழுதி, பழைய ரிப்போர்ட்டுகளோடு டாக்டரிடம் கொடுங்கள். பாகூரோ ஜிப்மரோ, எங்கே போனாலும் கூட்டத்தில் கிடைப்பது சில நிமிடம்தான். டோஸை முடிவு செய்வது டாக்டர். அவருக்குச் சரியான விவரத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, வீட்டில் முதலில் படிக்க வந்த நம் போன்றவர்களின் வேலை.