ஏர் ஃபில்டர்: பேப்பரா, எண்ணெய்த் துணியா?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய சுமார் 9,000 லிட்டர் காற்று வேண்டும். அதோடு வரும் தூசியைத் தடுக்காவிட்டால் சிலிண்டர் சுவர், பிஸ்டன் ரிங் எல்லாம் தேயும். பிறகு புகை, ஆயில் செலவு, ரீபோரிங்!

பேப்பர் ஃபில்டரின் மடிப்புகளில் நுண்ணிய தூசியும் சிக்கும். அடைத்துக்கொண்டால் மாற்ற வேண்டியதுதான். எண்ணெய் தடவிய பருத்தித் துணி ஃபில்டரையோ கழுவித் திரும்பத் திரும்பப் போடலாம். 'அப்போ இதுதானே லாபம்?' என்பீர்கள். அவசரப்படாதீர்கள்! கழுவி, நன்றாகக் காயவைத்து, அளவாக எண்ணெய் விட வேண்டும். குறைந்தால் தூசி உள்ளே போகும். கூடினால், காற்றை அளக்கும் சென்சார் உள்ள வண்டிகளில் அதன்மேல் எண்ணெய் படிந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

பயிற்சிக்குப் போன ஒர்க்‌ஷாப்பில், பேப்பர் ஃபில்டரைச் சுத்தம் செய்கிறேன் என்று கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் அடித்தேன். மெக்கானிக் அண்ணன் அதனுள் பல்பைப் பிடித்துக் காட்டினார். மடிப்பில் ஊசிமுனை வெளிச்சம்! "இந்த ஓட்டை போதும்டா தம்பி, இன்ஜினைத் தின்ன" என்றார்.

ஆகவே தினசரி ஓடும் வண்டிக்குப் பேப்பரே போதும். முறையாகப் பராமரிக்கப் பொறுமை உள்ளவருக்கே துணி. வண்டிக்காரர் கேட்டால் ஃபில்டர் விலையை மட்டும் சொல்லாதீர்கள், இன்ஜின் வேலைக்கு ஆகும் செலவையும் சேர்த்துச் சொல்லுங்கள்!