பண்ணைக் குட்டையில் எந்தப் பூச்செடி?

கிணற்றடியில் ஒரு தொட்டி, அதில் நாலு தாமரை இருந்தால் பூசைக்கு ஆகும். மிஞ்சியதை விற்றால் கைச்செலவுக்கும் ஆகும் என்று உழவர் பெருமக்கள் பலர் எண்ணுவதுண்டு. நல்ல எண்ணமே. ஆனால் வயலில் தவறான விதையை விதைத்தால் ஒரு போகம்தான் போகும். குட்டையில் தவறான செடியை விட்டால் குட்டையே போய்விடும். ஆகவே செடியின் அழகைப் பார்க்கும் முன் அது எப்படிப் பரவும் என்பதைப் பாருங்கள்.

காம்பு வெங்காயம்போல் உப்பி, நீரில் மிதந்து, இளஊதாப் பூக்கதிர் விடும் வெங்காயத்தாமரையை எக்காரணம் கொண்டும் கொண்டுவர வேண்டாம். சில ஊர்களில் இதையே ஆகாயத்தாமரை என்பர். தென் அமெரிக்கச் செடியான இது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அழகுச் செடியாகத்தான் வங்காளத்துக்கு வந்தது. இன்று நம் ஏரிகளில் அது மண்டிக் கிடப்பதை நீங்களே பார்க்கிறீர்கள். சத்தும் வெப்பமும் உள்ள நீரில் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும். இலைவழியே நீர் ஆவியாவதால் குட்டை விரைந்து வற்றும். வேர்க்கொத்து புட்வால்வை அடைக்கும். நீருக்குள் காற்று குறைந்து மீனும் சாகும். அள்ளி எறிந்த பின்னும் சேற்றிலுள்ள விதை பல ஆண்டுகள் கழித்து முளைக்கும். எனவே இச்செடி மண்டிய ஏரியின் வண்டலைத் தொட்டிக்கு எடுக்காதீர்கள். வயல் களிமண்ணே போதும்.

தாமரையும் சாதுவன்று. அதன் கிழங்கு சேற்றுக்குள் ஓடி, ஆழமற்ற குட்டை முழுவதையும் பிடித்துக்கொள்ளும். பாசனக் குட்டையில் நேராக நடாமல், அடி பூசிய கிணற்று உறையில் வளர்ப்பதே என் பரிந்துரை. நாள்தோறும் ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடம் தேவை. நிழலில் இலைதான் மிஞ்சும்.

நடவு

விதையிலிருந்தும் தாமரையை வளர்க்கலாம். விதையின் குழிந்த முனையைக் கருங்கல்லில் தேய்த்து, உள்ளே வெளிர்நிறம் தெரிந்ததும் நீரில் போட்டு, தினமும் நீரை மாற்றி வந்தால் ஒரு வாரத்தில் முளைக்கும். ஆனால் அது முதலாண்டிலேயே பூப்பது அரிது. விரைவில் பூ வேண்டுவோர் இரண்டு மூன்று கணுக்களும் ஒடியாத நுனியும் உள்ள கிழங்கை வாங்குக. நுனி ஒடிந்த கிழங்கு பெரும்பாலும் அழுகிவிடும். மழை ஓய்ந்து வெயில் ஏறும் மாசி, பங்குனி நடவுக்கு ஏற்றது. உறையில் முக்கால் அடி களிமண் நிரப்பி, கிழங்கைப் படுக்கையாக வைத்து, நுனி மட்டும் மண்ணுக்கு மேல் தெரியும்படி மூடவும். முதலில் நாலு விரற்கடை நீர் போதும். இலை எழ எழ ஓர் அடிவரை உயர்த்தலாம். சாணத்தை மண்ணில் கலக்க வேண்டாம். நீர் நாறி, பாசி பிடிக்கும்.

அல்லிக்கும் இம்முறையே. தாமரை இலை குடைபோல் மேலெழும். அல்லி இலையோ பிளவுபட்டு நீரில் படுத்திருக்கும். நம் வெள்ளல்லி இரவில் மலர்ந்து மறுநாள் முற்பகலில் கூம்புவதால் விற்பனைக்கு அவ்வளவாக உதவாது. பம்புசெட் நீர் நேராகக் கொட்டும் இடத்தில் இரண்டையும் வைக்காதீர்கள். தொட்டியோரத்து ஈரச்சேற்றுக்கு வல்லாரையும் நீர்ப்பிரம்மியும் போதும். சம்பை வேண்டாம்.

பராமரிப்பு

நீருக்கு மேல் நாலைந்து இலை எழுந்த பிறகே உரமிடவும். 17:17:17 கலப்பு உரத்தில் 5 கிராமைக் களிமண் உருண்டைக்குள் வைத்து, மாதம் ஒருமுறை, உறைக்கு இரண்டு உருண்டை வீதம், கிழங்கு நுனிக்குத் தள்ளிச் சேற்றில் அழுத்துங்கள். நீரில் தூவினால் பாசிதான் விளையும்.

தாமரைக் காம்பை ஒடித்துப் பார்த்தால் உள்ளே துளைகள் தெரியும். சேற்றிலுள்ள கிழங்கு அவற்றின் வழியேதான் மூச்சு விடுகிறது. எனவே பூவையோ பழுத்த இலையையோ அறுக்கும்போது, நீர்மட்டத்துக்கு நாலு விரற்கடை மேலே அறுக்கவும். நீருக்குள் அறுத்தால் துளைவழியே நீர் இறங்கிக் கிழங்கு அழுக நேரிடும். ஒரே நாளில் நீரை ஏற்றி இலைகளை மூழ்கடிப்பதும் இதே கேட்டைத் தரும். மொட்டை விடியற்காலையில் பறிப்பது நல்லது. மலர்ந்த பூ மூன்று நாள்தான் நிற்கும்.

இலை நீர்ப்பரப்பில் பாதிக்குச் சற்று மேல் மூடினால் பாசி அடங்கும். முழுவதும் மூடினால் பழைய இலைகளைக் களையுங்கள். கொசுப்புழுவைத் தின்ன உள்ளூர்ச் சிறுமீன் சில விடலாம்; புல்கெண்டை விட்டால் இலையையே தின்றுவிடும். மீன் இருக்கும் தொட்டியில் பூச்சிமருந்து கூடவே கூடாது. இலையில் அசுவினி கண்டால் கைத்தெளிப்பானில் வெறும் நீரை வேகமாக அடித்து நீரில் தள்ளுங்கள், மீன் தின்றுவிடும்.